வீடு விற்பதற்கும் ஒரு வரவுசெலவுத் திட்டம்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. இவ்விரு கருமங்களும் எண்ணியதிலும் அதிகமாகப் பணத்தை உறிஞ்சுவன என்பது அதன் கருத்து. ஆதலாற்றான் வீடு கட்டப் புகுவோர் கல்லுக்கு இவ்வளவு, சீமெந்துக்கு இவ்வளவு, மரத்துக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே கணக்கெழுதுகின்றனர். வீட்டை விற்கப் புகுவோர் அத்தகைய கணக்கொன்றை எழுதுவது அரிது. விற்பது பணம் வருகின்ற கருமந்தானே, அதற்குக் கணக்கு எதற்கு என்பது அவர்தம் எண்ணம். ஆயின், விற்பனைப் பணம் கைக்கு வருமுன்னர், விற்பனையின் பொருட்டே நம் கையை விட்டுப் போகும் பணம் ஒன்று உண்டு. அதனை எங்ஙனம் அளந்து, வகுத்து, வரம்புக்குள் நின்று செலவிடுவது என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

இப்பொருள் சிறியதன்று. வியாபாரி ஒருவன் நாள்தோறும் விற்கின்றான். இன்று அடைந்த நட்டத்தை நாளை ஈடுசெய்வான். சம்பளத்தாலோ தோட்டத்தாலோ வாழும் குடும்பம் ஒன்று தன் ஆயுளில் ஒரு முறையே வீட்டை விற்கின்றது. முப்பது ஆண்டுச் சேமிப்பு முழுவதும் அந்த நான்கு சுவர்களுக்குள் அடங்கியிருத்தலும் உண்டு. அன்றியும், விற்பதற்குரிய காரணம் பெரும்பாலும் நெருக்கடியாகவே இருக்கும். கடன், மருத்துவச் செலவு, பிள்ளைகளின் படிப்பு, முதுமையில் தனித்துவிட்ட நிலை ஆகியவற்றுள் ஒன்று பின்னின்று தள்ளும். அந்த வேளையில் கணக்கின்றிச் செலவிட்டாலும் கணக்கின்றி விலையை இறக்கினாலும், தவறிய பணத்தைத் தேடிக்கொள்ள இரண்டாவது வாய்ப்பு வருவதில்லை.

முதலில், சந்தைப்படுத்தும் செலவு எனப்படுவது யாதென வரையறுத்துக்கொள்வோம். வாங்கக்கூடியவர் ஒருவரைக் கண்டுபிடித்து, வீட்டை அவருக்குக் காட்டி, அவர் ஐயம் தீர்த்து, நொத்தாரிசின் முன் கையொப்பமிடும் வரைக்கும் அழைத்து வருவதற்கு ஆகும் செலவெல்லாம் இதனுள் அடங்கும். இதனை ஐந்து தலைப்புக்களாகப் பிரிக்கலாம். பத்திரங்களைச் சீர்செய்தல் ஒன்று, வீட்டைச் சீர்செய்தல் இரண்டு, விளம்பரம் மூன்று, வருவோருக்கு வீட்டைக் காட்டுதல் நான்கு, தரகு ஐந்து. இவற்றோடு, எதிர்பாராதவற்றுக்கென ஒரு தொகையைக் கைக்காவலாக வைத்தல் வேண்டும். முத்திரை வரியும் உறுதி எழுதும் கட்டணமும் வழக்கமாக வாங்குவோர் பொறுப்பு. எனினும் அதனைப் பேச்சிலேயே தெளிவாக்கிக்கொள்வது சிலாக்கியம். மூலதன ஆதாய வரி வேறொன்று. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் கீழ் 2018 ஏப்ரல் தொடக்கம் அது நடைமுறைக்கு வந்தது. விற்பதற்கு முன் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் சொந்தமாயிருந்து, அவற்றுள் இரண்டு ஆண்டுகளேனும் தாம் குடியிருந்த பிரதான வதிவிடத்தை விற்பவருக்கு அச்சட்டத்தில் விலக்கு உண்டு. தமக்கு அவ்விலக்குப் பொருந்துமா என்பதை விற்போர் முன்னரே கேட்டறிதல் நன்று.

இனி, இச்செலவுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்? பலர் அயலவர் செய்ததைப் பார்த்துச் செய்கின்றனர். சிலர் தரகர் சொல்வதைக் கேட்டுச் செய்கின்றனர். சரியான வழி பின்னிருந்து முன்னோக்கிக் கணக்கிடுவதாகும். அதாவது, விற்றபின் நம் கையில் எஞ்சவேண்டிய தொகை எவ்வளவு என்பதை முதலில் எழுதி, அதிலிருந்து செலவின் வரம்பைக் காணுதல்.

எடுத்துக்காட்டாக, கொக்குவிலில் இரண்டு பரப்புக் காணியில் மூன்று அறை வீடொன்று உடைய, ஓய்வூதியம் பெறும் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்வோம். வீடு 180 இலட்சம் ரூபாவுக்குப் போகும் என்பது அவர்களின் மதிப்பு. வங்கிக்கு ஈட்டுக் கடன் 45 இலட்சம். சிறிய வீடொன்று வாங்க, உறுதிச் செலவு உட்பட, 115 இலட்சம் வேண்டும். இவ்விரண்டும் போக எஞ்சுவது 20 இலட்சம். அதில் 12 இலட்சத்தை முதுமைக் காலத்து மருத்துவத்துக்கென வைப்பிலிடுவது அவர்கள் எண்ணம். ஆகவே, விற்பனைக்காகச் செலவிடக்கூடிய மிக உயர்ந்த தொகை 8 இலட்சம் ரூபா. இதற்கு மேற்செல்லும் ஒவ்வொரு ரூபாவும் மருந்துக்கு வைத்த பணத்திலிருந்தே எடுக்கப்படும்.

இந்த 8 இலட்சத்தைப் பங்கிடுவோம். தரகு நூற்றுக்கு இரண்டு வீதம் என்று பேசினால் 360,000 ரூபா. பத்திரங்களுக்கு 60,000. வீட்டைச் சீர்செய்ய 160,000. விளம்பரத்துக்கு 70,000. வீட்டைக் காட்டும் செலவுக்கு 20,000. இவற்றின் கூட்டுத்தொகை 670,000. மீதி 130,000 ரூபா கைக்காவல். இடத்துக்கிடம் இவ்விலக்கங்கள் வேறுபடலாம். கணக்கின் ஒழுங்கு மாறாது.

இக்கணக்கிலிருந்து இன்னுமொரு பயன் பெறலாம். எந்த விலைக்குக் கீழே இறங்கக்கூடாது என்பதையும் அது காட்டும். கடன், புதிய வீடு, மருத்துவ வைப்பு மூன்றும் சேர்ந்து 172 இலட்சம். தரகு நீங்கலான செலவு 310,000 ரூபா. கூட்டினால் 175 இலட்சத்துப் பத்தாயிரம். விலையில் நூற்றுக்கு இரண்டு தரகருக்குப் போவதால், இத்தொகை விலையின் 98 பங்காக இருத்தல் வேண்டும். 98ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால், ஏறக்குறைய 178 இலட்சத்து 67,000 ரூபா வருகின்றது. கைக்காவற் பணத்தில் ஒரு சதமும் தொடாதபோதுங்கூட, இதுவே அடிவிலை. "என்ன, ஐந்து இலட்சந்தானே" என்று முகதாட்சணியத்துக்காக 175 இலட்சத்துக்கு உடன்பட்டால், 12 இலட்சமாக இருக்கவேண்டிய வைப்பு 840,000 ரூபாவாகக் குறுகிவிடும். பேச்சுவார்த்தைக்கு அமருமுன் இந்த அடிவிலையைத் தாளில் எழுதி வைத்திருப்பவர் எதிரே யார் இருந்தாலும் தடுமாறார். கேட்கும் விலையை 185 இலட்சம் என்று வைப்பதற்கும் அப்பொழுதுதான் காரணம் விளங்கும்.

இனித் தலைப்புக்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதற் செலவு பத்திரங்களுக்கே போகவேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின்படி, காணி விற்பனை எழுத்தில் அமைந்து நொத்தாரிசு முன்னிலையிலும் சாட்சிகள் இருவர் முன்னிலையிலும் நிறைவேற்றப்படாவிடின் செல்லாது. நொத்தாரிசு கேட்கும் முதற் கேள்வி உறுதியைப் பற்றியது. காணிப் பதிவகத்தில் பதிவேட்டைப் பார்த்துப் பிரதி எடுத்தல், நில அளவையாளரின் வரைபடத்தோடு எல்லைகளை ஒப்பிடுதல், சோலைவரி கட்டிய பற்றுச்சீட்டுக்களைச் சேர்த்தல் என்பன விளம்பரத்துக்கு முன் முடிந்திருத்தல் வேண்டும். தேசவழமைக்கு உட்பட்ட ஆதனமாயின், அது முதுசமா, சீதனமா, தேடியதேட்டமா என்பதைப் பொறுத்தே யார் யார் கையொப்பமிடவேண்டும் என்பது அமையும். உடன்பங்காளர் இருப்பின், 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச்சட்டப்படி பிறருக்கு முன் வாங்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. முறைப்படி அறிவித்தல் கொடாது அந்நியருக்கு விற்றால் வழக்கு வரும். பங்காளர் ஒருவர் கடல் கடந்து வாழ்பவராயின் அவரிடமிருந்து அற்றோர்னித் தத்துவம் வந்துசேர வாரங்கள் செல்லும். விளம்பரம் பார்த்து வந்தவர் அதுவரை காத்திரார். அவரை அழைத்து வந்த விளம்பரப் பணம் வீணாகும்.

இரண்டாவது, வீட்டைச் சீர்செய்தல். வரம்பு மீறுவது பெரும்பாலும் இத்தலைப்பிலேதான். வாங்க வருபவர் மனத்தில் ஐயத்தை எழுப்பும் குறையை நீக்குக; நம் மனத்துக்கு இன்பம் தரும் அலங்காரத்தைச் சேர்க்கற்க. ஒழுகும் ஓடு, சுவரிற் படர்ந்த ஈரக்கறை, மூடமறுக்கும் கதவு, உடைந்த மலசலகூடக் குழாய் ஆகியவை சிறிய தொகையில் தீர்பவை. ஆயின், காண்பவர் "உள்ளே இன்னும் என்னென்ன பழுதோ" என்று எண்ணி விலையில் பெருந்தொகையைக் குறைத்துவிடுவர். புதிய சமையலறை கட்டுதல், விறாந்தைக்கு விலையுயர்ந்த தரைக்கல் பதித்தல் போன்றவை செலவிட்ட பணத்தைத் திருப்பித் தருவது அரிது. வாங்குவோர் தம் விருப்பப்படி அவற்றை உடைத்து மாற்றவுங்கூடும். குடாநாட்டில் கிணற்றைத் தனியே குறிப்பிடுதல் வேண்டும். சுண்ணக்கல் நிலமாதலால், ஒரு வளவில் நன்னீரும் சற்றுத் தொலைவில் உவர்நீரும் இருத்தல் இங்கு இயல்பு. வருவோர் முதலில் வாளியை இறக்கி நீரைச் சுவைத்துப் பார்ப்பர். கிணற்றை இறைத்துத் துப்புரவு செய்து, நீரைப் பரிசோதிப்பித்த அறிக்கையொன்றைப் பெற்று வைத்தல் சிறு செலவில் பெருநம்பிக்கை தருவதாகும்.

மூன்றாவது, விளம்பரம். யாருக்காக விளம்பரம் செய்கின்றோம் என்பதைத் துணிந்த பின்னரே எங்கே செய்வது என்பதைத் துணியலாம். யாழ்ப்பாணத்து வீட்டை வாங்குவோர் பெரும்பாலும் மூவகையினர். அயலவரும் உறவினரும் ஒரு வகை. கொழும்பிலோ பிறவூர்களிலோ தொழில்பார்த்து ஊர் திரும்ப நினைப்போர் இரண்டாம் வகை. வெளிநாட்டில் வாழ்வோர் மூன்றாம் வகை. முதல் வகையினருக்குப் பணம் வேண்டியதில்லை, வாய்ச்சொல்லும் படலையில் தொங்கும் பலகையும் போதும். இரண்டாம் வகையினருக்கு, கொழும்பில் 1930 முதல் வெளிவரும் வீரகேசரியும் யாழ்ப்பாணத்தில் 1985 முதல் வெளிவரும் உதயனும் போன்ற பத்திரிகைகளும் இணையத் தளங்களும் உதவும். கொழும்பு வாசகருக்கு எழுதுங்கால் பரப்போடு பேர்ச்சையும் குறிப்பிடுக. ஒரு பரப்பு பத்துப் பேர்ச் என்பது அங்குப் பலருக்குத் தெரியாது.

மூன்றாம் வகையினர் பெரும்பாலும் ஆடி, ஆவணி மாதங்களில், நல்லூர்த் திருவிழாவை ஒட்டி ஊருக்கு வருபவர்கள். அவர்களை எண்ணி விளம்பரம் செய்வோர் அதற்கு முன்னரே ஆயத்தமாதல் வேண்டும். எனினும், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டுப் பிரசைகளுக்குக் காணியை உரிமைமாற்றுவதைப் பொதுவாகத் தடுக்கின்றது. இரட்டைக் குடியுரிமை பெற்றோருக்கு அத்தடையில்லை. ஆகையால், அவ்வாறான ஒருவர் விலை பேசத் தொடங்கும்போதே அவருடைய பிரசாவுரிமையைப் பணிவோடு கேட்டறிவது, இரு திறத்தாரின் காலத்தையும் பணத்தையும் காப்பதாகும்.

விளம்பர வாசகத்திலும் சிக்கனம் உண்டு. "அமைதியான சூழலில் அழகிய வீடு விற்பனைக்கு" என்று எழுதினால், காசு கொடுத்த சொற்களில் பாதி பயனற்றவை. அழகை வருபவர் தாமே காண்பார். "கொக்குவில், 2 பரப்பு, 3 அறை வீடு, நன்னீர்க் கிணறு, வாகனம் செல்லும் ஒழுங்கை, தெளிவான உறுதி, 185 இலட்சம், மாலை 4 மணிக்குப் பின் பேசுக" என்பதில் ஒவ்வொரு சொல்லும் ஒரு கேள்விக்கு விடையளிக்கின்றது. விலையைக் குறிப்பிட்டால் வருவோர் தொகை குறையும் என்று சிலர் அஞ்சுவர். குறைவோர் வாங்க இயலாதவரே. அவர்களுக்குத் தேநீர் கொடுத்து வீடு காட்டும் உழைப்பும் மிஞ்சும்.

விளம்பரப் பணத்தை ஒரே வாரத்தில் கொட்டுதல் தகாது. நாம் ஒதுக்கிய 70,000 ரூபாவை மூன்று தவணையாக்குவோம். முதற்றவணை 15,000 ரூபா. இது பலகைக்கும், நிழற்படங்களுக்கும், இணைய விளம்பரக் கட்டணத்துக்கும். இரண்டாம் தவணை 25,000 ரூபா. இது ஞாயிறு இதழ்களுக்கு. மூன்றாம் தவணை 30,000 ரூபாவைக் கையில் வைத்துக்கொண்டு, முன்னிரண்டின் பயனைக் கண்டபின் செலவிடுக. பயனைக் காண்பதற்கு அப்பியாசக் கொப்பி ஒன்று போதும். விசாரித்தவர் பெயர், நாள், எவ்வழியால் அறிந்தார், வந்து பார்த்தாரா, என்ன சொன்னார் என ஐந்து நிரல்கள் இட்டு எழுதுக. ஒரு மாத முடிவில் எந்த விளம்பரம் ஆளைக் கொண்டுவந்தது என்பதை அக்கொப்பியே சொல்லிவிடும்.

அக்கொப்பி வேறொரு செய்தியையும் சொல்லும். யாருமே விசாரிக்கவில்லையாயின், குறை விளம்பரத்தில் இருக்கலாம். இடத்தையோ வாசகத்தையோ மாற்றிப் பார்க்கலாம். பலர் வந்து பார்த்தும் ஒருவரேனும் விலை கேட்கவில்லையாயின், விளம்பரம் தன் வேலையைச் செய்துவிட்டது. குறை வீட்டிலோ விலையிலோ உள்ளது. அந்நிலையில் மேலும் விளம்பரத்துக்குப் பணம் இறைப்பது, நீரிறைத்தும் நிறையாத தொட்டியின் ஓட்டையை அடைக்காது மேலும் இறைப்பதைப் போன்றது.

நான்காவது, வீட்டைக் காட்டுதல். தொலைபேசி, போக்குவரத்து, வளவு கூட்டும் கூலி, வருவோர்க்கு ஒரு கோப்பைத் தேநீர் எனச் சில்லறையாகப் போவதால் இதனை எவரும் கணக்கில் எழுதுவதில்லை. வாரத்தில் இரு நாளை ஒதுக்கி அந்நாட்களில் மாத்திரம் காட்டினால் செலவும் அலைச்சலும் பாதியாகும். மூல உறுதியை வந்தவர் கையில் கொடுத்தனுப்புதலும், அதனைப் படம்பிடித்து இணையத்தில் இடுதலும் ஆகா. பிரதியைக் காட்டினாற் போதும்.

ஐந்தாவது, தரகு. நமது கணக்கில் மிகப் பெரிய தலைப்பு இதுவே. ஆகவே, மிகக் கூடிய கவனமும் இதற்கே உரியது. நல்ல தரகர் தம் கூலிக்குத் தகுந்த பணி செய்பவர். தகுதியான ஆளைத் தெரிந்து கொண்டுவந்து, பேச்சு முறியாமற் காப்பவர். அவருக்குக் கொடுப்பதில் குறையில்லை. எனினும் நான்கு விடயங்களை எழுத்தில் வைத்தல் வேண்டும். வீதம் எவ்வளவு, முற்பணம் வாங்கும்போது கொடுப்பதா, உறுதி முடிந்த நாளிற் கொடுப்பதா, உறவினர் மூலம் ஆள் வந்தால் தரகு உண்டா, ஒரே ஆளை இருவர் கொண்டுவந்ததாகச் சொன்னால் யாருக்கு உரியது. பேசாது விட்ட இந்நான்கில் ஒன்று, உறுதி முடிக்கும் நாளில் நொத்தாரிசு வாசலிலேயே பூசலாக வெடிப்பதை ஊரில் பலரும் கண்டிருப்பர். வீதம் இரண்டிலிருந்து மூன்றாகினால், நமது எடுத்துக்காட்டில் 180,000 ரூபா கூடும். கைக்காவல் முழுவதும் அதில் மூழ்கி, மேலும் 50,000 ரூபா குறையும்.

இறுதியாக, பற்றுச்சீட்டு எதிலும் காணப்படாத செலவொன்று உண்டு. அது காலம். 45 இலட்சம் கடனுக்கு ஆண்டு வட்டி 12 வீதமெனக் கொண்டால், மாத வட்டி 45,000 ரூபா. விற்பனை மூன்று மாதம் பிந்தினால் 135,000 ரூபா ஓய்வூதியத்திலிருந்து கரையும். நாம் வைத்த கைக்காவலும் அதற்கு ஈடாகாது. இதனை அறிந்தவர், 180 இலட்சம் தர ஆயத்தமாய் நிற்பவரை விட்டு, இன்னும் ஓர் இலட்சம் கூடத் தருபவர் வருவார் என்று மூன்று மாதம் காத்திருக்கமாட்டார். அடிவிலை அறியாது அவசரப்பட்டு இறங்குதலும், மாத வட்டி அறியாது நெடுநாட் காத்திருத்தலும் ஒரே அறியாமையின் இரு முகங்கள்.

சந்தை நிலவரத்தின்படி அந்த வீடு 170 இலட்சத்துக்கு மேற் போகாது என்று அனுபவமுள்ளவர் பலர் கூறினால் என் செய்வது? அப்பொழுது கணக்கு நமக்கு ஒரு கசப்பான உண்மையை விற்பனைக்கு முன்னரே சொல்லிவிடுகின்றது. எவ்வளவு விளம்பரம் செய்தாலும் அவ்விடைவெளி நிரம்பாது. வாங்க எண்ணிய வீட்டைச் சிறிதாக்கலாம், தரகரின்றி விற்க முயலலாம், காணியின் ஒரு பகுதியைப் பிரித்து விற்க இயலுமா என்று ஆராயலாம், விற்பதையே ஒத்திவைக்கலாம். முற்பணம் வாங்கி, வாக்குக் கொடுத்து, ஈட்டை மீட்ட பின்னர் இவ்வுண்மை தெரியவந்தால் இவற்றுள் எந்த வழியும் திறந்திராது.

ஆகவே நேயர்களே, வீடு விற்க எண்ணுவோர் படலையில் பலகையைத் தொங்கவிடுவதற்கு முதல் நாளிரவு, குடும்பத்தார் அனைவரும் ஒருங்கிருந்து ஒரு தாளை எடுத்து மூன்று தொகைகளை எழுதுக. கையில் எஞ்சவேண்டியது எவ்வளவு, செலவின் வரம்பு எவ்வளவு, அடிவிலை எவ்வளவு. மனைவிக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் அத்தொகைகள் தெரிந்திருத்தல் வேண்டும். ஒருவர் மனம் இளகும்போது மற்றவர் நினைவூட்டுவர். அத்தாளைப் பெட்டகத்தில் உறுதியோடு சேர்த்து வைத்துவிட்டு, மறுநாள் முதற் செலவாகக் காணிப் பதிவகத்துக்குச் செல்க.